பதினேழாவது பொருள்

பையில் என்னென்ன வைத்திருக்கிறாய் என்று நீங்கள் எல்லோரும் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது நான் பதினாறு பொருட்களைச் சொன்னேன். டார்ச், மாற்று பேட்டரி, இரண்டு பாட்டில் தண்ணீர், பிஸ்கட், வறுத்த கடலை, காய்ச்சல் மாத்திரை, பஞ்சு, கட்டுத்துணி, தீப்பெட்டி, மெழுகுவத்தி, சின்னக் கத்தி, கயிறு, சோப்பு, ஒரு ஜோடி காலுறை, பாஸ்போர்ட் நகல், விசில். விசில் என்றதும் அம்மா சிரித்தாள்.

"விசில் எதுக்குடா? பஸ்ஸுல கண்டக்டரா போகப் போறியா?"

"எங்கயாவது மாட்டிக்கிட்டா ஊதணும்மா. ஆள் இருக்கான்னு தெரியும்ல."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மழைக்கோட்டு இருக்கிறதா என்று அப்பா கேட்டார். இருக்கிறது என்றேன். எங்கே வாங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பதினேழாவது பொருளைப் பற்றித்தான் இது.

நான் வேலை செய்கிற லாண்டரியும் தங்கியிருக்கிற இடமும் ஒன்றுதான் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் கடை, நடுவில் மெஷின் அறை, அதற்குப் பின்னால் உலர்த்துகிற அறை, கடைசியில் கொதிகலனை ஒட்டி என் அறை. குளிர்காலத்தில் சுவரில் முதுகைச் சாய்த்தால் கம்பளி தேவையில்லை. மாடியில் அண்ணனும் அக்காவும் அவர்கள் மகளும். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஒரே மொழி பேசுகிறோம் என்பதால் வேலைக்குச் சேர்ந்த அன்றே அண்ணன், அக்கா ஆகிவிட்டார்கள். மகளை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு கேள்வி வைத்திருப்பாள்.

என் வேலை சீட்டு குத்துவது. வருகிற ஒவ்வொரு துணியிலும் எண் எழுதிய துணிச் சீட்டு ஒன்றை ஊக்கால் குத்த வேண்டும். மாதத்துக்கு ஒரு நிறம். இந்த மாதம் பச்சை, போன மாதம் மஞ்சள், அதற்கு முந்தியது வெள்ளை. என் சட்டைக் காலரில் எப்போதும் பத்துப் பதினைந்து ஊக்குகள் வரிசையாக மாட்டியிருப்பதால் வாடிக்கையாளர்களுக்கு நான் 'ஊக்கு'. அந்தப் பெயரை வைத்தவர் மின்சார அலுவலக லைன்மேன், எங்கள் பழைய வாடிக்கையாளர்.

எடுக்க யாரும் வராத துணிகளுக்கென்று உலர்த்துகிற அறையின் மூலையில் ஒரு கம்பி உண்டு. அக்கா அதை அனாதைக் கம்பி என்பாள். மூன்று மாதத்துக்கு மேல் பொறுப்பல்ல என்று கடை வாசலில் போர்டு தொங்குகிறதே ஒழிய, அந்தக் கம்பியிலிருந்து அண்ணன் ஒரு கைக்குட்டையைக்கூட எடுக்க விட மாட்டார். மாதா மாதம் எல்லாவற்றையும் இறக்கித் தட்டி, மறுபடியும் மாட்டுவார். "இருபத்தோரு வருஷத்துல ஒரு துணி தொலைஞ்சதில்ல" என்பது அவர் கடைசியாகச் சொல்கிற வாக்கியம் எப்போதும். ஒருமுறை ஒற்றைக் காலுறை ஒன்று மெஷினின் ரப்பர் வளையத்துக்குள் சிக்கி இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது. அதை இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வாங்கிய ஆள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே வெகுநேரம் நின்றாராம்.

கலவரம் எங்களுக்கு முதலில் கரியாகத்தான் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் டயர் எரித்திருக்கிறார்கள். விடுதி ஒன்றிலிருந்து வந்திருந்த நாற்பது படுக்கை விரிப்புகளை மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தோம். எடுக்கப் போனால் ஒவ்வொன்றிலும் பொட்டுப் பொட்டாகக் கரி. கையால் தட்டினால் இன்னும் இழுக்கும். நாற்பதையும் மறுபடி துவைத்தோம். அக்கா கோபத்தில் சோப்புத்தூளை அள்ளி அள்ளிப் போட்டாள்.

"என்ன வேணா எரிக்கட்டும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு எரிக்கக் கூடாதா?"

மறுநாள் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அதற்கு மறுநாள் கடைத்தெருவில் பாதிக் கதவுகள்தான் திறந்தன. பகல் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் நடமாடலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். ரொட்டிக்கடையில் வரிசை தெருமுனை வரை நின்றது. மழையும் பிடித்துக்கொண்டது.

நான் போனில் பார்த்துப் பார்த்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். கலவரக் காலத்தில் ஒவ்வொருவரும் முதுகில் மாட்டுகிற பை ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும், மூன்று நாளைக்கு வேண்டியது அதில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. டீ குடிக்கும்போது அண்ணனிடம் காட்டினேன். அவர் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"எங்கடா ஓடுறது?"

"ஓடணும்னு இல்லண்ணே. சும்மா தயாரா."

"உள்ள நூத்தி எண்பது துணி தொங்குது. அதுல எதையாவது பையில வெக்க முடியுமா?"

"அது ஊர்க்காரங்க துணிங்க," என்றாள் அக்கா. "நம்ம உயிர் நம்மளுது."

"ஊர்க்காரங்க துணிதான். அதான் சொல்றேன். நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்கான். அவன் வந்து கேட்கும்போது கடையில ஆள் இல்லன்னா?"

"அவனே ஓடியிருப்பான்பா," என்றாள் வக்கீல். "ஓடுறவன் இஸ்திரி போட்ட பேண்ட்டைக் கேட்டு வருவானா?"

"வருவான். ஓடுறதுக்கும் பேண்ட் வேணும்ல."

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மெஷின் அறைக்குப் போனார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவர் தலை மறைந்ததும் அக்கா என் பக்கம் குனிந்தாள்.

"அந்தப் பட்டியலைக் குடு. அவர் கிடக்கிறாரு. நாம கட்டுவோம்."

இரண்டு நாள் அவருக்குத் தெரியாமல் கட்டினோம். பழைய பள்ளிக்கூடப் பைகள் மூன்று, என்னுடைய பை ஒன்று. அக்கா ஒவ்வொரு பிஸ்கட் பாக்கெட்டையும் பாலிதீனில் சுற்றி வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினாள். எங்கள் தொழிலின் சாமர்த்தியமெல்லாம் அதில் போய்ச் சேர்ந்தது. கிழிந்த விரிப்பை வெட்டிக் கட்டுத்துணி ஆக்கினோம். கொதிக்க வைத்து, கஞ்சி போடாமல், நான்காக மடித்து. வக்கீல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்து, "புத்தகத்தைவிட வெயிட்டு கம்மிதான்," என்றாள்.

பட்டியலில் ஒன்றுதான் மிச்சம். தண்ணீர் புகாத மேலங்கி, ஆளுக்கு ஒன்று. எங்களில் யாரிடமும் கிடையாது. மழையில் எங்கேயும் போகாதவர்களுக்கு எதற்கு அது? அக்கா உலர்த்துகிற அறைக்குப் போய் அனாதைக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு மாசமாத் தொங்குது. இனிமே வருவானா?"

மூன்று மழைக்கோட்டுகள் இருந்தன. ஒரு கறுப்பு, இரண்டு நீலம். அவள் எடுத்து மடித்தாள். மடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு?"

"எனக்கு வேணாம்க்கா."

"வேணாம்னா? நாங்க மூணு பேரும் போட்டுக்கிட்டு நடப்போம், நீ நனைஞ்சுக்கிட்டு வருவியா? உங்கம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

அவள் கை கம்பியில் நகர்ந்தது. அனாதைக் கம்பியைத் தாண்டி அடுத்த கம்பிக்கு வந்தது. அங்கே பச்சைச் சீட்டோடு லைன்மேனின் கோட்டு தொங்கியது. ஆரஞ்சு நிறம். நெஞ்சிலும் முதுகிலும் கைகளிலும் வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னுகிற வெள்ளிப் பட்டை. நெஞ்சில் மின்சார அலுவலகத்தின் பேட்ஜ் தைத்திருக்கும். ஒன்பது நாள் முன்னால் தார்க் கறையோடு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மண்ணெண்ணெயால் ஒற்றி ஒற்றி முந்தின நாள்தான் நான் அதை எடுத்து முடித்திருந்தேன்.

"ஆபீஸ்ல இன்னொண்ணு குடுப்பாங்க அவனுக்கு," என்றாள் அக்கா.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல கனமான கோட்டு. உள்ளே மெத்தென்ற ஃபிளானல் துணி வைத்தது. பச்சைச் சீட்டைக் கழற்றியது நான். பேட்ஜோடு போனால் யாராவது கேட்பார்கள் என்று அக்கா சொன்னதும், பிளேடை எடுத்து அதைப் பிரித்ததும் நான்தான். எனக்கு அந்த வேலை நன்றாகவே வரும். தையலுக்கும் துணிக்கும் நடுவில் பிளேடின் மூலையை மட்டும் நுழைத்து ஒவ்வொரு நூலாக. பேட்ஜைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கோட்டின் பைக்குள்ளேயே வைத்து, மடித்து, என் பையின் அடியில் போட்டேன். அதற்கு மேலே மற்ற பதினாறும்.

அன்றைக்குத்தான் அப்பா மழைக்கோட்டு பற்றிக் கேட்டார்.

மறுநாள் பத்தரை மணி இருக்கும். அக்காவும் வக்கீலும் மாடிக்கதவைப் பூட்டிவிட்டு ரொட்டி வாங்கப் போயிருந்தார்கள். அண்ணன் முன்னால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மழை சாய்வாக அடித்தது. வாசலில் ஒரு ஜீப் வந்து நின்று, லைன்மேன் தலையில் கையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். அவர் வந்தால் கடை சின்னதாகிவிடும்.

"அண்ணே, என் கோட்டு ரெடியா? ஆஸ்பத்திரி லைன் போயிடுச்சு. பாலத்துக்கிட்ட கம்பம் ஏறணும்."

"இன்னிக்கா? அங்கதானே தகராறு?"

"அதனாலதான் கோட்டு. அது மாட்டியிருந்தா கரண்ட்டுக்காரன் வந்துட்டான்னு ரெண்டு பக்கமும் வழி விடுவானுங்க. கரண்ட் எல்லாருக்கும் வேணும்ல. இல்லன்னா யாரோ எவனோன்னு மொத்திடுவானுங்க."

"தம்பி, எடுத்துட்டு வா," என்றார் அண்ணன் திரும்பாமலே.

நான் உலர்த்துகிற அறைக்குள் போனேன். அங்கிருந்து என் அறைக்கு ஆறு அடி. பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. குனிந்து பையின் வாரைப் பிடித்தேன். பேட்ஜ் இல்லாத கோட்டை எப்படிக் கொடுப்பது என்று தோன்றியது. ஏன் பிரித்தாய் என்று கேட்டால்? வாரை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

"இன்னும் ஆகலண்ணே."

"ஈரமா? பரவால்லடா ஊக்கு, நனையத்தான் போறேன். குடு," என்றார் லைன்மேன்.

"இல்லண்ணே. தார்க் கறைக்கு மருந்து போட்டு ஊற வெச்சிருக்கேன். இப்ப எடுத்தா உடம்பெல்லாம் எரியும்."

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினார். "அந்தக் கறை போயிடுச்சுன்னு முந்தாநாளே சொன்னியே?"

"உள்பக்கம் கொஞ்சம் இருந்துச்சுண்ணே."

அண்ணன் லைன்மேனைப் பார்த்துத் தலையசைத்தார். "பாத்தீங்களா? உள்பக்கமும் பாக்குறான். இந்தக் காலத்துல யாரு பாக்குறா?"

"நல்ல பையன்தான். நேரம்தான் பாக்க மாட்டேங்குறான்," என்றார் லைன்மேன். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

அண்ணனுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து கேட்டு, துணி இல்லாமல் திரும்புவதை அவர் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அதுவரை அவர் செய்யாத ஒன்றைச் செய்யப் போனார். "அனாதைக் கம்பியில மழைக்கோட்டு இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் போட்டுக்கிட்டுப் போங்க. யாருன்னாலும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க," என்று உள்ளே நடந்தார்.

"பூஞ்சை புடிக்குதுன்னு அக்கா மாடிக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கண்ணே. கதவு பூட்டியிருக்கு," என்றேன்.

இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

அண்ணன் நடு அறையில் நின்றார். பிறகு சுவரில் தொங்கிய சுருளிலிருந்து கோட்டு சூட்டுக்குப் போடுகிற நீளமான பாலிதீன் உறை இரண்டை இழுத்தார். ஒன்றில் தலைக்கு ஓட்டை வெட்டி, மற்றதை முதுகுப் பக்கம் சேர்த்தார். லைன்மேன் குழந்தை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அண்ணன் மாட்டிவிட்டார்.

"தம்பி, ஓரத்துக்கு ஊக்கு குத்து."

என் காலரிலிருந்து ஊக்குகளை எடுத்து இரண்டு பக்கமும் குத்தினேன். ஏழு ஊக்கு. லைன்மேனின் சட்டை வழியாக அவர் விலா ஏறி இறங்குவது விரலில் தெரிந்தது.

"டேய், கூசுது. பாத்து."

குத்தி முடித்ததும் கண்ணாடியில் பார்த்தார். உறையில் எங்கள் லாண்டரி பெயர் தலைகீழாக இருந்தது. "இஸ்திரி போட்டு ரெடியா இருக்கேன்," என்றார். "ஹேங்கர் ஒண்ணுதான் பாக்கி. இப்படியே போய்க் கல்யாணத்துல நிக்கலாம்." அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டு லைன்மேன் மழைக்குள் ஓடினார்.

ஜீப் தெருமுனையில் திரும்பிய பிறகுதான் எனக்குத் தோன்றியது. பேட்ஜைக் கோட்டில் நாலு ஊக்கு வைத்துக் குத்தியிருக்கலாம். ஒரு நிமிட வேலை.

அக்கா திரும்பி வந்ததும் சொன்னேன். ரொட்டிப் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"குடுத்திருக்கலாமேடா."

"பேட்ஜைப் பிரிச்சிட்டோமேக்கா. அண்ணன் கேட்டா?"

நான் 'பிரிச்சிட்டோமே' என்று சொன்னதை அவள் கவனித்தாள். "சரி, தச்சு வெச்சுடு. திரும்பி வரும்போது குடுத்துடலாம்," என்று மாடிக்குப் போனாள்.

இரண்டு மணிக்குக் கடையைச் சாத்துகிற நேரத்தில் பால்காரர் வந்து சொன்னார். பாலத்துக்குப் பக்கத்தில் கம்பத்தின் மேல் ஏறியிருந்தவரைக் கீழே இழுத்திருக்கிறார்கள். ஒரு கும்பல், இவன் நம் லைனை அறுக்க வந்த அந்தப் பக்கத்து ஆள் என்றது. விட்டுவிட்டுப் போன பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அதையே சொல்லி அடித்திருக்கிறார்கள்.

"கரண்ட் ஆபீஸ்னு சொல்லிச் சொல்லிப் பாத்திருக்காரு," என்றார் பால்காரர். "ஏதோ பிளாஸ்டிக் பையைச் சுத்திக்கிட்டு இருந்தாராம். யாரு நம்புவா? சிரிச்சிருக்கானுங்க."

அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிய நிலையில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

தோள்பட்டை எலும்பு, மூன்று விலா, நெற்றியில் பதினோரு தையல். உயிருக்கு ஒன்றுமில்லை. இதையெல்லாம் அடுத்தடுத்த நாட்களில் தெரிந்துகொண்டோம். அண்ணன் சாப்பிடும்போது பாதியில் நிறுத்திவிட்டு, "அந்தப் பாலிதீனை நான் போட்டு விட்டிருக்கக் கூடாது," என்பார். "சட்டையோட போயிருந்தா ஒருவேளை ஆபீஸ் ஆள்னு தெரிஞ்சிருக்கும். கோமாளி மாதிரி அனுப்பிட்டேன்." அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே இருப்பாள். நான் தட்டைப் பார்ப்பேன். "நீ உன் வேலையை ஒழுங்காத்தானே பாத்தே, உனக்கென்ன," என்று ஒருமுறை என் முதுகில் தட்டினார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் நான் அந்தக் கோட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. அவருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன ஆகும் என்றுதான் முதலில் தோன்றியது. பையின் வாரை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டினேன். நீங்கள் போன் செய்தபோது, எல்லாம் தயாராக இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றேன்.

அவர் அடிபட்ட ஐந்தாம் நாள் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். காலையிலேயே லைன்மேனின் மனைவி வந்தார். அவர் ஒரு கேன்டீனில் காய் நறுக்குகிறவர். விரல்களெல்லாம் வெட்டுத் தழும்பு. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார். உள்ளே நீலச் சட்டை. தோளிலிருந்து இடுப்பு வரை காய்ந்து கறுத்திருந்தது. என் ஊக்கு ஒன்று இன்னும் அதில் மாட்டியிருந்தது.

"யூனிஃபார்ம் சட்டை, வேற இல்ல. வீட்ல துவைக்க உட்கார்ந்தேன், கையை வெக்க முடியல. கறை போவுமாண்ணே?"

"போவும்மா. எப்படி இருக்காரு?"

"பேச்சு குறையல. நர்ஸுங்ககிட்ட எல்லாம் ஃபியூஸ் போயிடுச்சுன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு." அவர் சிரிக்க முயன்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, கோட்டு உன்கிட்ட ஊறிக்கிட்டு இருந்ததும் நல்லதாப் போச்சு. அதையும் கிழிச்சிருப்பானுங்க. ஆபீஸ் சொத்து. அதுக்கு வேற யாரு எழுதிக் குடுத்து அலையறது? அவரும் அதான் சொன்னாரு. ஊக்குகிட்ட பத்திரமா இருக்கும்னு."

"ஆமாண்ணி," என்றேன். என் வாய் அதைத்தான் சொன்னது.

அவர் போனதும் அண்ணன் சொன்னார். "முதல்ல அந்தச் சட்டையைப் பாரு. நாள் ஆயிடுச்சு, இதுக்கு மேல விட்டா நிக்கும். அப்புறம் கோட்டை எடு. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு, ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்டுட்டு வர்றேன்."

ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது. குளிர்ந்த நீரில் உப்புப் போட்டு ஊற வைத்தேன். தண்ணீர் சிவந்தது, கொட்டினேன், மறுபடி ஊற்றினேன். ஐந்து தண்ணீர் மாற்றினேன். பிறகு சோப்பு தடவி உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்தேன். தையலுக்குள் போனதைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். அவ்வளவு கவனமாக நான் எந்தத் துணியையும் துவைத்ததில்லை. அலசி, உதறி, கொதிகலன் பக்கம் காயப்போட்டேன்.

"கோட்டு எங்கடா?" என்று அண்ணன் வாசலில் நின்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தேன். பிஸ்கட், டார்ச், பாட்டில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். கடைசியில் கோட்டை எடுத்து நீட்டினேன். பையில் கை விட்டு பேட்ஜையும் கொடுத்தேன். சத்தம் கேட்டு அக்கா வந்தாள். தரையில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்ததும் மாடிக்குப் போய் மற்ற மூன்று கோட்டையும் கொண்டு வந்து கட்டிலில் வைத்தாள்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன். அவனைத் திட்டாதீங்க."

"நான் யாரையும் திட்டலியே."

அவர் கோட்டின் நெஞ்சுப் பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பேட்ஜ் இருந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள் சதுரமாகத் தெரிந்தன. விரலால் தடவினார்.

"நீ பிரிச்சதா?"

"ஆமாண்ணே."

"நல்லாப் பிரிச்சிருக்கே. துணியில ஒரு இழைகூடப் போவல."

நான் ஊசி நூல் எடுக்கப் போனேன். "தைக்காத," என்றார். "அப்படியே எடுத்துட்டுப் போ. நீயே குடு." அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் மூன்று கோட்டுகளையும் எடுத்துக்கொண்டு அனாதைக் கம்பிக்குப் போய்விட்டார். ஹேங்கர்கள் கம்பியில் உரசுகிற சத்தம் மூன்று முறை கேட்டது.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் கண்ணாடித் துண்டுகளை வாரிக்கொண்டிருந்தார்கள். வார்டில் இருபது கட்டில். லைன்மேன் ஜன்னலோரம் இருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கட்டிலுக்கு அவர் கால்கள் நீளம், வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காலையில் கடைக்கு வந்த அண்ணி பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாடா ஊக்கு. டீ குடிக்கிறியா? இங்க ஒண்ணு குடுக்குறாங்க, அலசின தண்ணி மாதிரி. உனக்குப் பழக்கமாத்தான் இருக்கும்."

கோட்டை அவர் மடியில் வைத்தேன். அதன் மேல் பேட்ஜை வைத்தேன்.

"என்னடா, கழண்டு வந்துடுச்சா? மருந்து அவ்வளவு வேகமா?"

"நான் பிரிச்சேண்ணே."

"எதுக்கு?"

"எனக்கு வெச்சுக்க."

அவருக்குப் புரியவில்லை. சிரித்த மாதிரியே இருந்தார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். "கலவரம்னு பை கட்டினேன். மழைக்கோட்டு வேணும்னு பட்டியல்ல இருந்துச்சு. நீங்க வந்து கேட்டப்ப இது காய்ஞ்சுதான் இருந்துச்சு. என் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு."

அண்ணி ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினார்.

"ஊறுதுன்னு சொன்னே," என்றார் லைன்மேன்.

"பொய்ண்ணே."

"உடம்பு எரியும்னு சொன்னே."

"அதுவும்."

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் தெரியும்."

அவர் மூச்சை விட்டார். மூச்சு விட்டதே விலாவில் வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் பேட்ஜை ஒரு கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டுப் பாத்தியா?"

"இல்லண்ணே."

"போட்டே பாக்காம வெச்சிக்கிட்டியா? போடு."

"வேணாம்ணே."

"போடுன்றேன்ல."

போட்டேன். கை முழுக்க மறைந்து விரல் நுனி மட்டும் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே இறங்கியது. ஜன்னல் வெளிச்சம் வெள்ளிப் பட்டையில் பட்டு எதிர்ச் சுவரில் ஒரு கோடு ஆடியது. இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கினார்.

"தம்பி, கரண்ட் ஆபீஸா? எங்க தெருவுக்கு எப்ப வரும்? ஆறு நாளாச்சு."

லைன்மேன்தான் பதில் சொன்னார். "வந்துடும் பெரியவரே. இன்னிக்கு வந்துடும்." பிறகு என்னைப் பார்த்தார். வீங்காத கண் ஒன்றுதான் இருந்தது.

"பாத்தியா தம்பி? பேட்ஜே வேணாம். இந்தப் பட்டை போதும்."

நான் கழற்றினேன். கை உள்ளே சிக்கிக்கொண்டது. அண்ணிதான் எழுந்து வந்து கோட்டின் கையைப் பிடித்து இழுத்தார். கோட்டை உதறி, கட்டிலின் விளிம்பில் வைத்து மடிக்க ஆரம்பித்தார். லைன்மேன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

"அந்தச் சட்டை," என்றார் அண்ணி, மடிப்பதிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ துவைக்க வேணாம். அப்படியே திருப்பிக் குடுத்துடு. நானே துவைச்சுக்கிறேன்."

"துவைச்சுட்டேன் அண்ணி."

அவர் கை நின்றது.

"கறை?"

"போயிடுச்சு."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல அண்ணி," என்றேன்.